மலை சார்ந்த இடம்

போன வருசம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணிமுத்தாறு பக்கத்தில் நாற்பது சென்ட் நிலம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். ராத்திரி பெய்த மழையில் மலை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. புரோக்கர் பைக்கை நிறுத்திவிட்டு, ஏதோ தன் சொந்த மலையைக் காட்டுகிறவர் போலக் கையை நீட்டினார்.

"கதவத் தொறந்தா மலதான் சார். திருநேலிக்கு ஒரு மணி நேரம். காலைல கல்லிடைக்குறிச்சில ரயிலப் புடிச்சியள்னா ஆபீசு நேரத்துக்கு ஜங்ஷன்ல எறங்கிரலாம். இதுக்கு மேல என்ன வேணும்?"

எனக்கும் இதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டேன். பட்டா யார் பேரில், வில்லங்கம் எத்தனை வருசத்துக்குப் பார்த்திருக்கிறது, பாதை பொதுப் பாதையா, போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணி, செல்போன் சிக்னல் எப்படி. மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் அந்தக் கிராமம் வருகிறதா என்றுகூடக் கேட்டேன். வந்தால் வீடு கட்டத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். புரோக்கர் என்னை மரியாதையாகப் பார்த்தார். "நல்லா வெவரமாத்தான் வந்திருக்கிய."

விவரமாக வந்திருக்கிறோம் என்றுதான் நானும் நினைத்தேன். அட்வான்ஸ் கொடுக்கப் பத்து நாள் தவணை சொல்லிவிட்டு வந்தேன்.

*

இந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கப்பா பாளையங்கோட்டையில் முப்பத்தோரு வருசம் ஒரே வாடகை வீட்டில் இருந்து, அந்த வீட்டிலேயே இறந்தார். துட்டி வீட்டுக்கு வந்தவர்களோடு வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார். பதினாறு முடிகிறவரை ஒன்றும் சொல்லவில்லை. முடிந்த பிறகு, மகனுக்குக் கல்யாணம் வருகிறது, வீடு தேவைப்படும் என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் வீடு அது. ஆனால் அன்றைக்கு எனக்குள் ஒன்று விழுந்தது. ஒரு பிடி மண்ணாவது நம் பேரில் இருக்கணும்.

மண் என்று ஆரம்பித்தது மலை என்று ஆனது கொரோனாவுக்குப் பிறகு. மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று ஊரே கண்டுபிடித்த காலம். அதற்கு முன்பே, 2019-இல், ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு கலிபோர்னியாவை விட்டுத் தென்காசி பக்கத்து மத்தளம்பாறைக்கு வந்துவிட்டிருந்தார். அவர் வேட்டி கட்டிக்கொண்டு மலைப் பின்னணியில் நிற்கிற படங்கள் எங்கள் எல்லோர் போனிலும் வந்தன. அமெரிக்காவிலிருந்து ஒருத்தர் அங்கே வரலாம் என்றால், பாளையங்கோட்டையிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர் எனக்கு ஒரு தூரமா?

பங்குனி, சித்திரையில் பாளையங்கோட்டை மொட்டை மாடியில் ஒருநாள் நின்று பாருங்கள். மேற்கே நீலமாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்புதான்.

*

அட்வான்சுக்கு முன்னால் ஒருத்தரைப் பார்க்கலாம் என்று தோன்றியது. என்னோடு கல்லூரியில் படித்த நண்பனின் அம்மா. நாலுமுக்கு எஸ்டேட்டில் முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். இப்போது கல்லிடைக்குறிச்சியில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வீட்டிலேயே அப்பளம் தேய்த்துக் கொடுக்கிறார். நண்பன் திருப்பூரில். மலையைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்? மழை எப்படி, மிருகம் எப்படி என்று கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

விசயத்தைச் சொன்னதும் கையிலிருந்த குழவியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கள கீழ எறக்கி விட்டுட்டு நீ மேல போறியாக்கும்?"

"மேல இல்லம்மா, அடிவாரந்தான்" என்றேன். அவசரமாகச் சொன்னேன். அந்த அவசரத்தில் ஏதோ தப்பு இருந்தது எனக்கே தெரிந்தது.

அவர் அதை அதற்கு மேல் இழுக்கவில்லை. வேறு கேள்விகள் கேட்டார்.

"பக்கத்துல ஆரு இருக்கா?"

தெரியவில்லை என்றேன்.

"ராத்திரி நெஞ்ச வலிச்சா ஆரக் கூப்புடுவ? கரடி வந்தா ஆருக்குச் சத்தங் குடுப்ப? நீ ஊருக்குப் போயிட்டா வீட்ட ஆரு பாப்பா?"

எதற்கும் பதில் இல்லை. பட்டா, வில்லங்கம், போர், சிக்னல் எல்லாம் விசாரித்தவனுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த நிலத்தைப் பார்த்தபோது நான் மலையைத்தான் பார்த்தேன். அங்கே மனிதர்கள் இருப்பார்கள் என்பதே என் யோசனையில் வரவில்லை.

*

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் பண்ணியதுதான்: குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும். ஆனால் திணை என்பது அந்த ஒரு வரியோடு முடிகிறதில்லை. அதோடு தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில், அங்கே வாழ்கிற மக்களின் பெயர் எல்லாம் சேர்ந்துதான் ஒரு திணை. தேன் எடுப்பதும் தினைப்புனம் காப்பதும் இல்லாமல் குறிஞ்சி இல்லை. புரோக்கர் காட்டிய மலை, முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்த மலை. வாங்க வந்தவனும் அதைத்தான் கேட்டான்.

மாஞ்சோலையின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன், தன்னிடமிருந்த காட்டில் 8,373 ஏக்கர் சொச்சத்தை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருசக் குத்தகைக்குக் கொடுத்தது. காட்டை வெட்டித் தேயிலை வைத்தார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குடியிருப்புகள் வந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுபோனார்கள். கீழே நிலமில்லாத, சாதியால் ஒடுக்கப்பட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும். 1948-ஆம் வருசச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது, நிலம் அரசாங்கத்துக்கு வந்தது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. அது முடிகிற வருசம் 2028.

அதற்கு நாலு வருசம் முன்பாகவே, 2024-இல், தோட்டத்தை மூடும் வேலை ஆரம்பித்தது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு. வீட்டைக் காலி பண்ண நாள் குறித்தார்கள். வழக்குகள் போடப்பட்டன. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயே ஏற்று நடத்த வேண்டும் என்பது கோரிக்கை. இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்கு வேலை கொடுக்க உண்டாக்கப்பட்டதுதான் டான்டீ, ஆகவே அது அபத்தமான கோரிக்கை இல்லை. 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது.

இந்தக் கதையில் இன்னொரு தேதியும் உண்டு. 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், கைதாகியிருந்த தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தார்கள். கொக்கிரகுளத்தில் போலீஸ் அடித்தது. ஒதுங்க இடமில்லாமல் ஆற்றில் இறங்கினார்கள். ஒரு சிறு குழந்தை உட்படப் பதினேழு பேர் செத்தார்கள். நான் தினமும் வேலைக்குப் போகிற வழியில் சுலோசன முதலியார் பாலம் வருகிறது. அங்கிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியும். ஆண்டுதோறும் ஜூலையில் மாலை போட வருகிறவர்களால் கொஞ்ச நேரம் வண்டி நிற்கும். நான் மணி பார்ப்பேன்.

*

அம்மாவிடம் மாஞ்சோலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சொர்க்கத்திலிருந்து தள்ளிவிட்டார்கள் என்கிற மாதிரி பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிப் பேசவில்லை.

"என்ன சொகங்க? அட்ட கடிச்சுக் கால் பூரா ரத்தமா ஓடும். மழ ஆரம்பிச்சா மாசக்கணக்குல விடாது, துணி காயாது. புள்ள வலி வந்தா கீழ எறங்குததுக்குள்ள உசுரு போயிரும். வேல இருக்க வரைக்குந்தான் வீடு. ரிட்டேரு ஆயிட்டா காலி பண்ணணும். அதுக்காவயே ஒரு புள்ளையாவது எஸ்டேட்டுல பேரு பதிஞ்சு வைக்கணும். இவன் படிக்கப் போனான், இவன் தங்கச்சி கொழுந்து எடுக்க வந்தா. வீடு நிக்கணும்லா?"

நான் பேசாமல் இருந்தேன். அவன் தங்கச்சி நன்றாகப் படிப்பாள் என்று அவன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவள் ஏன் படிக்கவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மணிமுத்தாறிலிருந்து திருநெல்வேலிக்கு எனக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து மேலே போகிற பஸ்ஸில் ஏறினால் கணக்கு வேறு. திருநெல்வேலியிலிருந்து நாலுமுக்கு போக மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, பஸ்ஸும் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். நான் போய்வரப் போகிறவன். அவர்கள் அங்கேயே இருந்தவர்கள், இருந்தும் சொந்தமில்லாதவர்கள். எங்கப்பா முப்பத்தோரு வருசம் வாடகை கொடுத்த மாதிரி, அவர்கள் நாலு தலைமுறை உடம்பால் வாடகை கொடுத்தார்கள்.

"அப்ப எதுக்கும்மா போகமாட்டோம்னு கேஸ் போட்டாங்க?" என்று கேட்டேன்.

"கீழ மட்டும் என்ன இருக்கு?" என்றார். "அங்கன்னா ஒரு சத்தங் குடுத்தா நாலு லைன் வீடும் எந்திரிச்சு வரும். இங்க அடுத்த வீட்டு ஆளு மூஞ்சி தெரியாது."

ரெட்டியார்பட்டியில் வாரிய அடுக்குமாடி வீடு கிடைத்தவர்களும் இதையேதான் சொல்லுகிறார்களாம். நாலு லைன் ஒரே மாடிப்படியில் இறங்குவதில்லை. ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டார்கள்.

*

இந்த இடத்தில் எதிர்த் தரப்பையும் சொல்லியாகணும். அது பலமான தரப்பு.

களக்காடு முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 1988-இல் அறிவித்தார்கள். தாமிரபரணி வருசம் பூரா ஓடுகிறதென்றால் அந்த மலையில் மிச்சமிருக்கிற சோலைக்காடுதான் காரணம். மழையைக் குடித்துக் கொஞ்சங்கொஞ்சமாக விடுகிற காடு. நானும் நீங்களும், தூத்துக்குடி வரைக்கும் உள்ளவர்களும் குடிப்பது அந்தத் தண்ணி. மாஞ்சோலைத் தேயிலையே காட்டை அழித்து வந்ததுதான். குத்தகை முடிந்தால் நிலம் காட்டுக்குத் திரும்புவதுதான் நியாயம். அந்தக் கூட்டத்துக்குப் போனால் நான் கைதட்டியிருப்பேன்.

இந்த நியாயம் மலையின் மேல்பகுதியில் எவ்வளவு கறாராக இருக்கிறது, அடிவாரத்துக்கு வந்ததும் எப்படி இளகிவிடுகிறது என்பதுதான் என்னை உறுத்தியது. மேலே தேயிலை மூடில் நின்ற பெண் இறங்க வேண்டும், ஏனென்றால் அது யானை நடக்கிற இடம். கீழே நான் நாற்பது சென்ட் வளைத்து சோலார் வேலி போடலாம், ஏனென்றால் அது பட்டா நிலம். யானைக்கும் கரடிக்கும் பட்டா எது காப்புக்காடு எது என்று தெரியாது. 2024 மே மாதம் வேம்பையாபுரம், அனவன்குடியிருப்பு பக்கம் ஊருக்குள் வந்த சிறுத்தைகளை வனத்துறை கூண்டு வைத்துப் பிடித்ததே, அதெல்லாம் அடிவாரத்துப் பட்டா பூமிதான்.

சட்டப்படி ரெண்டும் வேறு வேறு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சட்டம் "நீ வாங்கலாம்" என்று சொல்வதும், "நீ வாங்குவது சரி" என்பதும் ஒன்றில்லை. காட்டைக் காப்பாற்ற ஆகிற செலவு முழுவதும் ஒன்றும் இல்லாதவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. காப்பாற்றப்பட்ட காட்டின் காற்றும் காட்சியும் என்னை மாதிரி மாதத் தவணை கட்ட முடிந்தவனுக்கு வருகிறது. இந்தக் கணக்கில் நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனாலும் லாபம் என் பக்கம் இருக்கிறது.

*

அமெரிக்காவில் ஹென்றி டேவிட் தோரோ 1845-இல் வால்டன் குளக்கரைக்குக் குடிபோனதைப் படிக்காமல் இந்த ஆசைக்காரர்கள் யாரும் இருக்க முடியாது. ரெண்டு வருசம் ரெண்டு மாசம் அங்கே இருந்தார். நிலம் நண்பர் எமர்சனுடையது. ஊர் நடந்து போகிற தூரம், அவரும் அடிக்கடி போய்வந்தார். இதைச் சொல்லி அவரைக் கிண்டல் பண்ணுகிறவர்கள் நிறைய. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தன் புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தை அவர் தனக்கு முன்னால் அந்தக் காட்டில் குடியிருந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார். அடிமைகளாக இருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் அவர்களில் பலர். ஊருக்குள் இடம் இல்லாததால் காட்டோரம் ஒதுங்கியவர்கள். அவர்களுடைய வீடுகள் இருந்த பள்ளங்களைத் தேடிப்போய், பெயர்களை எழுதிவைக்கிறார். அவர் அமைதி தேடிப் போன அதே காட்டுக்குத்தான் அவர்கள் வேறு போக்கிடம் இல்லாமல் போனார்கள்.

நம் பக்கத்தில் பாரதி. 1918 கடைசியில் விடுதலையாகி, மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்துக்கு வந்தார். மலையடிவாரம், இன்றைக்கு நாம் விளம்பரத்தில் பார்க்கிற அதே அடிவாரம். அவர் மலையைத் தேடி வரவில்லை. பணமில்லாமல், வேறு ஆதரவில்லாமல் வந்தார். 1920-இல் சுதேசமித்திரன் வேலைக்காகச் சென்னைக்குப் போய்விட்டார். கையில் வேலையோடு கடையத்தில் இருக்க முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பேன். அந்த வாய்ப்பு எனக்கு இருக்கிறது, பாரதிக்கு இல்லை. இதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

எங்கே வாழ்வது என்று தேர்ந்தெடுக்க முடிவது ஒரு சொத்து. பட்டாவில் ஏறாத சொத்து. பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர பாளையங்கோட்டை இருக்கிறது எனக்கு. அம்மாவுக்கு மேலே போகவும் முடியாது, கீழே ஒட்டவும் முடியாது.

*

அப்படியென்றால் யாரும் மலையடிவாரத்துக்குப் போகவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஊர் என்பது வந்து சேர்கிறவர்களால் ஆனதுதான். நான் வாங்காவிட்டால் வேறொருத்தர் வாங்குவார் என்பதும் உண்மை. அதை ஒரு நியாயமாகச் சொல்ல முடியாது என்பதும் உண்மை.

இப்போதைக்கு எனக்குத் தெளிவாகியிருப்பது ஒன்றுதான். அங்கே போகிறவன் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. கல்லிடைக்குறிச்சியில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தைப் பார்த்திருப்பீர்கள். தண்ணி குறைந்த காலத்தில் முறை வைத்துத்தான் மடை திறப்பார்கள். இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல். நடுராத்திரி முறை வந்தாலும் எழுந்து போகணும். அந்த முறைதான் அவர்களை ஒரு ஊராக வைத்திருக்கிறது, சண்டை போட்டுக்கொண்டாவது. போருக்கு முறை கிடையாது. சுவிட்சைப் போட்டால் தண்ணி. நான் புரோக்கரிடம் எத்தனை அடியில் தண்ணி என்று கேட்டபோது, யாரையும் கேட்காமல் எடுக்கிற தண்ணியைத்தான் கேட்டிருக்கிறேன்.

ஆகவே போவதென்றால் முறைக்குள் போகணும். ரேஷன் கார்டை அங்கே மாற்றி அந்த வரிசையில் நிற்கணும். பிள்ளை பிறந்தால் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கணும். கிராம சபையில் போய் உட்காரணும். பன்றி அடுத்தவர் வயலை அழித்தால் அது என் பிரச்சினையும்தான் என்று இருக்கணும். வார நாளில் தூங்குவதற்கும் ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்துப் போடுவதற்கும் மட்டும் என்றால், அதற்கு லாட்ஜ் போதும்.

என்னால் அது முடியுமா? காலை ஏழு மணி ரயிலைப் பிடித்து ராத்திரி எட்டு மணிக்கு வீடு சேர்கிறவன் எந்த முறைக்கு எழுந்து வருவான்? இந்தக் கேள்வியில்தான் நான் நின்றுபோனேன். அந்தப் பத்து நாளும் அட்வான்ஸ் பணம் வங்கியில் அப்படியே இருந்தது. வாங்காமல் விட்டதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பாதி நியாயம், பாதி பயம். கரடிக்குப் பயம், கடனுக்குப் பயம், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய் முதல் வார்த்தை என்ன பேசுவது என்கிற பயம்.

அடுத்த மாதம் ஒருநாள் மணிமுத்தாறு போனேன். இந்தத் தடவை நிலத்துக்குப் போகவில்லை. அதற்கு எதிரே இருந்த ஓட்டு வீட்டுக்குப் போனேன். ஒரு பெரியவர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடம் வாங்குவதாக இருந்தேன், அக்கம்பக்கம் எப்படி என்று கேட்க வந்தேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எடம் பாக்க இதுவர இருவது பேரு வந்திருப்பாவ. எல்லாரும் மலயப் பாத்துட்டுப் போயிருதாவ. உக்காரும்."

உட்கார்ந்தேன். மோர் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய கொழுந்தியாள் குடும்பம் ஊத்து எஸ்டேட்டிலிருந்து இறங்கியதாம்.

போன வாரம் புரோக்கர் கூப்பிட்டார். "சார், அந்த எடம் போயிட்டு. சென்னை பார்ட்டி. மொத்தமா முடிச்சிட்டாவ. கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு இருக்கு, முப்பது சென்ட்டு. பாக்கியளா?"

பெரியவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். எந்தப் பெரியவர் என்று கேட்டார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.